நிற்கும் சொற்களை எப்படி ரசிப்பது?

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அந்த நாள்களில் தஞ்சைப் பக்கத்து டீக்கடைகளில் ஒரே கேள்விதான்: "தண்ணி வந்துடுச்சா மாமா?" பதில்கள் நாளுக்கு நாள் மாறும். முதலில் "முக்கொம்பு தாண்டிடுச்சாம்." பிறகு "வெண்ணாத்துல ஓடுது." அப்புறம் "வாய்க்கால்ல வருது." பிறகு "வயல்ல நிக்குது." கடைசியில் மடையை அடைத்துவிட்டு வருகிறவர் சொல்வார்: "போதும்."

இந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். 'ஓடுது', 'வருது' என்றால் தண்ணீர் அசைகிறது. 'நிக்குது' என்றால் அசைவு அடங்கிவிட்டது. 'போதும்' என்பதில் யாரும் எதையும் செய்யவில்லை. ஒரு நிலை மட்டுமே இருக்கிறது. ஆனாலும் அது வினைச்சொல்தான்.

ஆங்கில இலக்கணத்தில் இப்படிப்பட்ட வினைகளை 'ஸ்டேட்டிவ் வெர்ப்', அதாவது நிலை வினை என்கிறார்கள். அறிதல், விரும்புதல், நம்புதல், உடைமை, வேண்டுதல் போன்றவற்றைச் சொல்லும் வினைகள் இவை. பொதுவாக இவை 'இங்' ஈற்றை ஏற்பதில்லை. 'ஐ நோ' உண்டு, 'ஐ ஆம் நோயிங்' கிடையாது. நான் படித்த பள்ளியில் இந்த வினைகளைப் பட்டியலாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தேர்வு முடிந்ததும் பட்டியலும் போய்விட்டது. பட்டியலால் இந்தச் சொற்கள் வசப்படுவதில்லை. காதால்தான் வசப்படும். அந்தக் காது தமிழ் பேசுகிற எல்லோருக்கும் ஏற்கெனவே இருக்கிறது.

எப்படி என்று கேட்டால், வாக்கியத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். நான் உழுகிறேன், நான் நடுகிறேன், நான் களை பறிக்கிறேன். இவற்றிலெல்லாம் 'நான்'. ஆனால் எனக்குத் தெரியும், எனக்குப் புரியும், எனக்கு வேண்டும், எனக்குப் போதும். இங்கே ஆள் நான்காம் வேற்றுமைக்குப் போய்விட்டார். அவர் எதையும் செய்யவில்லை, அறிவும் தேவையும் அவரிடம் வந்து தங்குகின்றன. தமிழ் இந்த வேறுபாட்டை ஆளிடமே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. உழுகிறவனும் 'ஐ', தெரிந்தவனும் 'ஐ'. அதனால் அது வேறுபாட்டை வினையின் வாலில் காட்டுகிறது. உழுவதற்கு 'இங்' உண்டு, தெரிவதற்கு இல்லை. இரண்டு மொழியும் ஒரே உண்மையை வெவ்வேறு இடத்தில் முடிந்து வைத்திருக்கின்றன. இதைக் கண்டுகொண்ட நாளில்தான் எனக்கு ஆங்கில இலக்கணம் இனித்தது.

எதிர்த்திசையிலிருந்து வருகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்று, தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1716-இல் அது ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அவர் காலம் தொட்டுத் தமிழ் கற்கும் ஐரோப்பியர் எவரும் 'எனக்கு' என்ற படியைக் கடந்தே ஆக வேண்டும். 'நான் தெரிகிறேன்' என்று சொல்லிவிட்டால், அறிவு போய் உருவம்தான் தெரியும்!

'பிடி' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் பையன் மீன் பிடிக்கிறான். அது செயல். வயலில் கதிர் பால் பிடிக்கிறது. யாரும் செய்யாமல் தானாக நடக்கிறது. "எனக்கு இந்த ஊர் பிடிக்கும்" என்கிறபோது ஒன்றுமே நடக்கவில்லை, மனம் ஓரிடத்தில் நின்றிருக்கிறது. 'பிடிக்கும்' என்பது வடிவத்தில் எதிர்காலம், பொருளில் எந்தக் காலமும் இல்லை. தெரியும், வேண்டும், போதும், முடியும் எல்லாமே இப்படித்தான்.

நம் இலக்கணிகள் இந்தத் திசையில் முன்பே யோசித்தவர்கள். காலத்தை வெளிப்படையாகக் காட்டும் வினையைத் தெரிநிலை வினை என்றும், குறிப்பாக உணர்த்துவதைக் குறிப்பு வினை என்றும் பிரித்தார்கள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ள பவணந்தி இயற்றிய நன்னூல், வேறு, இல்லை, உண்டு மூன்றையும் எல்லாப் பாலுக்கும் எல்லா இடத்துக்கும் பொதுவான குறிப்பு வினைகளாக வைக்கிறது. குறிப்பு வினையும் ஆங்கிலத்தின் நிலை வினையும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன், பிரித்த அடிப்படை வேறு. ஆனால் அசையாமல் நிற்கும் வினைகளுக்குத் தனி இடம் வேண்டும் என்ற உணர்வு இரண்டிலும் இருக்கிறது.

தமிழ்க் காது தவறிப்போகும் இடங்களும் உண்டு. நம் 'கிறு' இடைநிலை இரண்டு வேலை பார்க்கிறது. 'உழுகிறேன்' என்பது வழக்கத்தையும் சொல்லும், இந்த நொடியில் நடப்பதையும் சொல்லும். அந்தப் பழக்கத்தில் 'நம்புகிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் பிலீவிங்' வந்துவிடுகிறது. "அஞ்சு மா நிலம் வச்சுக்கிட்டிருக்கேன்" என்பவர் ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹேவிங்' என்று தொடங்குவதும் இப்படித்தான். தமிழில் அது முழுக்கச் சரி. ஆங்கிலத்தில் நிலத்தை உடைமையாக வைத்திருப்பதற்கு 'ஹேவ்' மட்டும்தான். 'ஹேவிங்' என்றால் சாப்பாட்டுக்குப் பொருந்தும்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் கேட்க வேண்டுமானால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். 'வெய்' என்ற ஆங்கில வினைக்கு இரண்டு முகம். மூட்டை இவ்வளவு எடை என்றால் அது நிலை, 'இங்' வராது. ஆள் மூட்டையை நிறுக்கிறார் என்றால் அது செயல், 'இங்' வரும். தராசருகே நிற்பவர்கள் இதைத் துல்லியமாகப் பிரிக்கிறார்கள். "எடை போட்டுக்கிட்டிருக்காங்க" என்பது ஒன்று. "சிப்பம் 40 கிலோ இருக்கு" என்பது இன்னொன்று. ஈரப்பதமும் அப்படித்தான். மானியை வைத்துப் பார்ப்பது வேலை. "17 இருக்கு" என்பது நெல்லின் நிலை, அந்த 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு. விவசாயியின் முகம் மாறுவது வேலையைச் சொல்லும் வினைக்கு அல்ல, அந்த 'இருக்கு'க்குத்தான்.

வீட்டுக்கு வந்தால் 'டேஸ்ட்' காத்திருக்கிறது. அம்மா குழம்பை ருசி பார்க்கிறார், குழம்பு ருசியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், முன்னதற்கு மட்டும் 'இங்'.

பிள்ளைகளுக்குப் பட்டியலைக் கொடுக்குமுன் இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லிக் காட்டுங்கள். தை கடைசியில் சம்பா அறுவடை நடக்கும்போது, முடிந்தால் ஒரு கொள்முதல் நிலையத்துக்கும் அழைத்துப் போங்கள். தராசுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று கேட்டால் போதும்.