அபிதான சிந்தாமணி: ஒரு மதிப்பீடு

ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக வெளிவந்தது. புராண, இதிகாச, இலக்கிய மாந்தர்களை அகரவரிசையில் தரும் பெருநூல் இது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு அவர் மறைவுக்குப் பின் 1934இல் வந்தது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதான கோசம்' (1902) இதற்கு முன்னோடி.

பணியிலிருந்த காலமெல்லாம் பாடம் எடுக்குமுன் இந்நூலைத்தான் புரட்டுவேன். இதன் குறை எனக்குப் புலப்பட்டது ஓய்வுக்குப் பிறகு, ஒரு விளையாட்டால். என் அக்காவின் பேரன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் பயிற்சியாளன். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைத் தோழர்களுடன் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவான். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. அதற்கென 1980இல் அமெரிக்காவில் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற துணைநூலில் நம் இந்திரனும் அக்கினியும்கூட உண்டு. இந்திரனை எத்தனை அடியில் வீழ்த்தலாம் என்பதற்கும் அதில் கணக்கு இருக்கிறது! தமிழ்ப் பாத்திரங்கள் வேண்டும் என்று பையன் கேட்டபோது சிந்தாமணியைக் கொடுத்தேன்.

மறுவாரமே சண்டை. ஒருவன் கடலைக் குடித்த அகத்தியர். இன்னொருவன் மருந்து சொல்லும் சித்தர் அகத்தியர். "எந்த அகத்தியர் தாத்தா சரி?" என்று பேரன் கேட்டான். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

சிந்தாமணி மதிப்பெண் போடுவதில்லை. இந்திரனுக்கு இடம் தரும் அதே வரிசையில் சங்கப் புலவருக்கும் சிற்றரசனுக்கும் இடம் தருகிறது. அந்தப் பெருந்தன்மை அமெரிக்க நூலில் இல்லை. ஒரே பெயருடைய பலரை எண்ணிட்டுப் பிரிக்கவும் செய்கிறார் முதலியார். ஆனால் எந்தக் கதை எந்தக் காலத்தில் எழுந்தது என்று காட்டுவதில்லை. இதிகாச முனிவர், தமிழுக்கு இலக்கணம் செய்தவர், மிகப் பிற்காலத்து மருத்துவ நூல்களின் ஆசிரியர் எல்லாரும் ஒரே ஆள் என்று மாணவன் எண்ணிவிட வழியிருக்கிறது. அதியமானுக்காகத் தூது போன ஔவையும் ஆத்திசூடி ஔவையும் இப்படித்தான் பலர் மனத்தில் ஒருவராகிப் போனார்கள்.

இதற்காக முதலியாரைக் குறைசொல்வது நியாயமன்று. நற்றிணையும் குறுந்தொகையும் அச்சேறியதே 1915இல்தான். காலம் பிரிக்கும் ஆராய்ச்சி அன்று தவழும் பருவத்தில் இருந்தது. குறை நம்முடையது. இன்றும் இணையத்தில் பலர் சிந்தாமணிப் பதிவை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். எந்த நூலில் உள்ள செய்தி என்ற ஒரு வரிகூடச் சேர்ப்பதில்லை.

பையன்கள் இப்போது இரண்டு அட்டை எழுதிவைத்திருக்கிறார்கள்: பொதிகை அகத்தியர், சித்தர் அகத்தியர். மூன்றாவது அட்டை வேண்டுமா என்று பேச்சு நடக்கிறது.