புயலைத் தடுத்த அணையில் காற்றுக்குக் காத்திருப்பவர்கள்

நெதர்லாந்தின் தென்மேற்கில் வட கடலை மறித்து நிற்கிறது பிரவுவர்ஸ்டாம் அணை. 1953இல் கடல் ஊருக்குள் புகுந்து 1,836 பேரைக் காவு வாங்கிய பிறகு எழுப்பிய டெல்டா அணைகளில் ஒன்று. 1971இல் வேலை முடிந்தது. அக்டோபரில் காற்று வலுத்து மற்றவர்கள் வீட்டுக்குள் ஒதுங்கும்போது, இந்த அணையோரம் மட்டும் வேன்கள் வந்து சேர்கின்றன. வேனுக்குள் பலகை, பாய், ஈரம் காயாத ரப்பர் உடுப்பு. பாய் பூட்டிய பலகையில் நின்று காற்றால் நீரில் ஓடும் விண்ட்சர்ஃபிங் பிரியர்கள்!

இந்த நாட்டுக்கு இது பழகிய விளையாட்டு. 1984இல் விண்ட்சர்ஃபிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது தங்கம் வென்ற ஸ்டீபன் வான் டென் பெர்க் டச்சுக்காரர். 2012, 2016, டோக்கியோ என்று ஆடவர் தங்கம் தொடர்ந்து மூன்று முறை அங்கேதான் போனது. ஆனால் அணையோரம் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் சனி, ஞாயிறு ஆட்டக்காரர்கள். கோடையில் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகக் காற்றில் நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொண்டு, இலையுதிர்காலத்தில் அடி வாங்க வருபவர்கள்.

அடி ஏன் விழுகிறது? கணக்கு எளிது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் பாயின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகிறது. 12 நாட் வேகத்தில் அடங்கிக் கிடந்த அதே பாய் 24 நாட் வேகத்தில் ஆளையே தூக்கி எறியும். போதாததற்கு, இந்தப் பருவத்தில் கடல் கோடைச் சூட்டை இன்னும் விடாமல் வைத்திருக்க, மேலே குளிர்ந்த காற்று வந்து படிகிறது. கீழே சூடான காற்று எழும்ப, உயரத்தில் விரையும் காற்று கீழே இறங்குகிறது. விளைவு, சீராக வீசாமல் விட்டுவிட்டு அறையும் காற்று.

புதியவரின் முதல் தவறு கரையிலேயே நடந்துவிடுகிறது: கோடைக்கான பெரிய பாயையே மாட்டிக்கொண்டு இறங்குவார். இரண்டாவது, கைகளால் மல்லுக்கு நிற்பது. காற்று அறையும்போது இடுப்பை மடக்கி முன்னால் குனிந்து, பின்கையை இன்னும் இறுக்குவார். செய்ய வேண்டியது நேர்மாறு. பின்கையைச் சற்றுத் தளர்த்தினால் பாய் திறந்து காற்று வழிந்துவிடும். உடம்பின் எடையைப் பூம் எனும் கைப்பிடிக் கம்பியில் தொங்கவிட்டால் இழுப்பு பலகைக்குப் போய்ச் சேரும். இடுப்பில் கட்டிய ஹார்னஸ் வாரைக் கம்பியில் கொளுவிக்கொண்டு இதே தவறைச் செய்தாலோ, கவண்கல் போல முன்பக்கமாகப் பறந்து பாய்மீதே விழ வேண்டியதுதான்.

ஆனாலும் பலத்த காற்றைத் திட்டிவிட்டுப் போக முடியாது. பலகைமேல் நின்று கயிற்றால் பாயை இழுத்து நிமிர்த்துவதுதான் கோடைப் பாடம். அலை ஆட்டும் தண்ணீரில் பத்து முறை அதைச் செய்தால் முதுகு விட்டுப்போகும். தண்ணீரில் கிடந்தபடியே பாயைக் காற்றுக்குக் காட்டி, அது தூக்கிவிடப் பலகைமேல் ஏறும் ‘வாட்டர் ஸ்டார்ட்’டோ மென்காற்றில் கைகூடாது, 20 நாட் காற்று ஆளை அலுங்காமல் எழுப்பி நிறுத்திவிடும். பலகை தண்ணீரைக் கிழிப்பதை விட்டு மேலேறி வழுக்கும் அந்தக் கட்டமும் அப்படித்தான். பயந்து வேகத்தைக் குறைப்பவருக்குத்தான் இழுப்பு கூடுகிறது. ஓடவிட்டால் கை லேசாகிறது. பயிற்சியாளர் எத்தனை முறை சொன்னாலும் உடம்பு இதை நம்ப மறுக்கும்.

அணையின் இருபுறமும் ஒன்றல்ல. ஒருபுறம் அலையடிக்கும் கடல், மறுபுறம் கிரெவெலிங்கன் உப்பேரி. கற்பவருக்கு ஏரிதான் தோது. ஆனால் மேற்குக் காற்றில் அதே ஏரி அவரைக் கரையிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரத் தெரியாதவர் அன்றைக்கு இறங்கவே கூடாது. இறங்கி மாட்டிக்கொண்டால் பாயைக் கைவிட்டாலும் பலகையைக் கைவிடக் கூடாது. கோடைச் சூடு மிச்சமிருந்தாலும் உடம்புக்குத் தண்ணீர் குளிர்தான், தடித்த ரப்பர் உடுப்பு இல்லாமல் முடியாது. கையுறை போட்டால் விரல் விறைக்காது, ஆனால் பிடி தடித்து முன்கை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பலர் வெறுங்கையோடு நடுங்குவது அதனால்தான்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. பிறகு மாலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிடும். வேலை முடிந்து வந்து பழக வழியில்லை. மிஞ்சுவது வார இறுதி, அதிலும் காற்று வந்த வார இறுதி. அந்தச் சில மணி நேரமும், இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாந்து கிடந்து, பாயின் எந்த முனையைக் காற்றுக்குக் காட்டுவது என்று தேடுவதிலேயே கழிகிறது.