கேடயமும் கூட்டமும்

இலக்கியத்தையும் நாடகத்தையும் சமுதாயத்தின் விளைபொருள் என்று ஏற்றுக்கொள்ளும் நம்மவரிற் பலர், உதைபந்தாட்டம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். அது பொழுதுபோக்கு, அதிலே ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். ஆனால், ஒரு மேடைக் கூட்டத்துக்கு வராத வயற்கூலியும், ஒரு புத்தகத்தையும் முழுமையாகப் படித்திராத மீன்பிடித் தொழிலாளியும் மாலை வேளையில் மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்கின்றனர். மக்கள் திரளும் இடம் எதுவோ அதுவே நமது ஆராய்ச்சிக்குரிய இடமுமாகும். இந்த நோக்கிலேதான் கல்கத்தா மொகமெடன் ஸ்போட்டிங் கழகத்தின் வரலாற்றையும், அந்த வரலாறு இதுவரை சொல்லப்பட்டு வந்திருக்கும் முறையையும் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இக்கழகம் 1891ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இந்திய உதைபந்தாட்டச் சங்கம் 1893இல் கல்கத்தாவில் தோன்றியபொழுது ஆட்சி மட்டுமல்ல, ஆட்டமும் வெள்ளையர் கையிலேயே இருந்தது. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கின் முதற் பிரிவு நெடுங்காலம் படைப்பிரிவுகளினதும் ஐரோப்பியக் கழகங்களினதும் தனியுரிமையாக இருந்தது. பின்னர் கதவு திறக்கப்பட்டபொழுதும் அது முழுமையாகத் திறக்கப்படவில்லை. முதற் பிரிவில் இத்தனை இந்தியக் கழகங்களே இடம்பெறலாம் என்று எண்ணிக்கை வகுக்கப்பட்டிருந்தது. இரண்டாம் பிரிவு என்பது திறமையின் அளவுகோல் மாத்திரமன்று; அது நிறத்தின் எல்லைக்கோடுமாகும்.

1911 யூலை 29ஆந் திகதி மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று சங்கக் கேடயத்தைக் கைப்பற்றியது. ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடிய அந்த வெற்றியை, இந்துச் சகோதரரின் வெற்றி நமது வெற்றியே என்று கல்கத்தா முஸ்லிம்களும் கொண்டாடினர் என்பதை அக்காலப் பத்திரிகைக் குறிப்புகள் காட்டுகின்றன. இச்செய்தியை மனத்திற் பதித்துக்கொண்டு மேலே செல்வோம்.

மொகமெடன் ஸ்போட்டிங் பல ஆண்டுகள் இரண்டாம் பிரிவிலேயே கிடந்தது. 1933ஆம் ஆண்டு ஆட்டங்களின் முடிவில் அது முதற் பிரிவுக்கு உயர்த்தப்பட்டது. மறு ஆண்டே, 1934இல், லீக்கை வென்று, அப்பெருமையைப் பெற்ற முதலாவது இந்தியக் கழகமாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவ்வெற்றி நீடித்தது. 1936இல் சங்கக் கேடயமும் சேர்ந்தது. 1940இல் டில்லியில் நடைபெற்ற டியூரண்ட் கிண்ண இறுதியாட்டத்தில் றோயல் வோரிக்க்ஷயர் படைப்பிரிவு 2-1 என்று தோல்வி கண்டது.

இந்த ஐந்தாண்டு வெற்றிக்குக் காரணம் யாது? சமுதாயப் பெருமை பேசுவோர், அது மார்க்கப் பற்றின் விளைவு என்பர். பற்று இருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், முந்திய நாற்பது ஆண்டுகளில் அப்பற்று எங்கே போயிருந்தது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. விடை மண்ணிலே கிடக்கிறது. கல்கத்தா லீக் மழைக்காலத்து ஆட்டம். சேறாகிவிட்ட மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும். சப்பாத்துக் கால் ஊன்றி நிற்கும். கழகத்தின் செயலாளராக இருந்த அசீஸ் இவ்வுண்மையை உணர்ந்து, பாரமற்ற சப்பாத்துகளை அணிந்து ஆடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். பெங்களூர், டில்லி, குவெட்டா முதலிய தொலைநகர்களிலிருந்து ஆட்டக்காரரைத் தேடிச் சேர்த்தார். திட்டம், பயிற்சி, கருவி, ஆட்பலம் என்னும் நான்கும் சேர்ந்தபொழுது வெற்றி வந்தது. உழைப்பின் பயனை அற்புதமாக்கிவிடுவோர் உழைத்தவனின் பெயரை அழித்துவிடுகின்றனர்.

அந்த வெற்றியைக் கொண்டாடியவர் யார்? கிதர்பூர்த் துறைமுகத் தொழிலாளர், சணல் ஆலைத் தொழிலாளர், தோல் பதனிடுவோர், தையற்காரர், வண்டியோட்டிகள். அலுவலகத்திலும் ஆலையிலும் தலைகுனிந்து நின்றவர்கள் அவர்கள். துரைமாரின் அணி தோற்பதைக் கண்ணாரக் கண்ட அந்த ஒரு மாலைப்பொழுதில் அவர்கள் நிமிர்ந்து நடந்தனர். கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாமும் அவ்வெற்றியை வாழ்த்திப் பாடினார். சமயப் பிரிவினையை வாழ்நாள் முழுவதும் எதிர்த்த ஒருவர் அவ்வாறு பாடினார் என்றால், ஆதிக்கத்துக்கு எதிரான மக்களின் மகிழ்ச்சியை அவர் அதில் கண்டிருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால், கழகத்தின் தலைமைப் பீடத்தில் இருந்தவர் வேறு வகையினர். டாக்கா நவாப் குடும்பத்தைச் சேர்ந்த குவாஜா நாஸிமுத்தீன் அதன் தலைவராக விளங்கினார். கூட்டம் எழுப்பிய ஆரவாரம் அரசியற் செல்வாக்காக மாற்றப்பட்டது. நிலப்பிரபுவும் நிலமற்றவனும் ஒரே கொடியின் கீழ் ஒரே குரலில் ஆரவாரித்தபொழுது, இருவரின் நலனும் ஒன்றே என்ற மயக்கம் ஏற்பட்டது. அம்மயக்கம் தெளிய அதிக காலம் செல்லவில்லை. 1943இல் வங்கத்தில் பெரும் பஞ்சம் மூண்டு இலட்சக்கணக்கானோர் மடிந்தபொழுது மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்தவர் அதே நாஸிமுத்தீனே. மடிந்தவருள் மிகப் பலர் முஸ்லிம் உழவர். மைதானத்தில் ஒன்றாக நின்ற கொடி, சோற்றுப் பானையின் முன்னே அவர்களை ஒன்றாக நிறுத்தவில்லை.

இக்கழகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு வகைப்படுவர். ஒரு வகையினர் 1911ஐத் தேசத்தின் வெற்றி எனப் போற்றி, 1934ஐ ஒரு சமூகத்தின் வெற்றி என ஒதுக்குகின்றனர். இரண்டு ஆண்டுகளிலும் ஆதிக்கம் செலுத்தியது ஒரே ஏகாதிபத்தியந்தானே? அங்கே தேசியமாகத் தோன்றியது இங்கே வகுப்புவாதமாகத் தோன்றுவதற்குப் பார்ப்பவரின் கண்ணே காரணம். மற்றைய வகையினர் அவ்வொதுக்கலுக்குப் பதிலடியாக, ஐந்தாண்டு வெற்றியைச் சமூகத்தின் தனிச் சொத்தாக்கி, 1911இல் முஸ்லிம்கள் கொண்டாடிய மகிழ்ச்சியை மறைத்துவிடுகின்றனர். இரு சாராரும் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒரே இடத்தையே அடைகின்றனர். அந்த இடத்தில் தொழிலாளி இல்லை.

1947ஆம் ஆண்டுப் பிரிவினை கழகத்தின் அடித்தளத்தையே அசைத்தது. புரவலர் பலரும் ஆட்டக்காரர் சிலரும் எல்லை கடந்து சென்றனர். எஞ்சியிருந்தவர்மீது ஐயப்பார்வை விழுந்தது. எனினும் 1948, 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் அது லீக்கை வென்றது. 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் கூட்டமைப்புக் கிண்ணத்தைப் பெற்றது. வெவ்வேறு சமயத்தினர் அதன் சட்டையை அணிந்தனர். 1985இல் நைஜீரியரான சீமா ஒகோரி அங்கு ஆடினார். பெயர் மாறவில்லை, பெயரின் பொருள் விரிந்தது. நவாபுகள் போன பின்னும் கழகம் நிலைத்தது என்றால், அதைத் தாங்கியவர் கூட்டத்தில் நின்றவர்களே என்பது கண்கூடு.

பின்னர் நெடுங்காலச் சரிவு வந்தது. 2008-09 பருவத்தில் தேசிய லீக்கின் முதற் பிரிவிலிருந்து கழகம் இறங்கியது. 2013இல் ஏறி, 2014இல் மீண்டும் இறங்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பணமின்மையால் முதல் அணியையே கலைக்கும் நிலை ஏற்பட்டது. 2020இல் தகுதி பெற்று மேலேறி, 2021இல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தா லீக்கை வென்று, 2024இல் ஐ-லீக் வெற்றியாளராகி, பெருமுதலாளிகளின் பணம் புழங்கும் இந்தியன் சுப்பர் லீக்கினுள் நுழைந்தது. அங்கே 2024-25 பருவத்தில் கடைசி இடம். சம்பள நிலுவைக்காக ஆட்டக்காரர் பயிற்சியைப் புறக்கணித்த செய்தியும் 2025இல் வந்தது. நிறத்தால் அடைக்கப்பட்டிருந்த கதவு இப்பொழுது பணத்தால் அடைக்கப்படுகிறது. புகழ்பாடும் வரலாறுகள் இச்சரிவுக் காலத்தைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. நமக்கோ அதுவே முதன்மையான அத்தியாயம். வெல்லும் அணியைப் பின்தொடர எவராலும் முடியும். தோற்கும் அணிக்காக நாட்கூலியில் நுழைவுச்சீட்டு வாங்குபவன் எதை நாடி வருகிறான் என்று கேட்கும்பொழுதுதான் சமுதாய ஆராய்ச்சி தொடங்குகிறது.

1936இல் இக்கழகத்தின் முகம்மது சலீம் ஸ்கொட்லாந்து சென்று கிளாஸ்கோவின் செல்ற்றிக் கழகத்துக்காகக் காலில் துணி சுற்றி இரு ஆட்டங்கள் ஆடினார். செல்ற்றிக், 1887இல் ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் நோக்குடன் தொடங்கப்பட்ட கழகம். கல்கத்தா முஸ்லிமை அங்கு கரகோஷத்துடன் வரவேற்றவர், தாமும் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு மக்கட் கூட்டத்தினர். சமூகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம் மதிலாகவும் அமையலாம், வாசலாகவும் அமையலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இவ்வளவும் மாவடிப்பள்ளியில் இருந்து எழுதும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வயல்கள் சூழ்ந்த இவ்வூருக்குக் கிழக்கே தமிழர் வாழும் காரைதீவு, மேற்கே முஸ்லிம்கள் வாழும் சம்மாந்துறை. கல்முனைக் கரையெங்கும் ஊர்களின் அமைப்பு இதுவே. ஊருக்கொரு கழகம், ஒவ்வொரு கழகத்துக்கும் பின்னால் ஒரு சமூகம். 1985இலும் 1990இலும் இங்கே சிந்திய இரத்தம் இரு சமூகத்தாரின் நினைவிலும் காயவில்லை. இந்நிலையில் ஒரு சாதாரண ஆட்டத்தின் தகராறும் எளிதில் வேறு உருவம் எடுத்துவிடக்கூடும். போடியாரும் வயற்கூலியும் ஒரே கழகத்துக்காகக் கைதட்டுவதைக் கண்டு, இருவருக்கும் ஒரே வாழ்வு என்று கருதிவிடும் தவறு இங்கும் நேரலாம். தேர்தற் காலத்தில் சட்டையும் பந்தும் வாங்கிக் கொடுப்பவர் எதை விலைக்கு வாங்குகிறார் என்பதை இளைஞர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கு ஒரு கடமை உண்டு. 2004 திசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை வீடுகளோடு வீட்டிலிருந்த ஏடுகளையும் கொண்டுபோயிற்று. ஊர்க் கழகங்களின் கதை இன்று பெரும்பாலும் முதியோர் நாவிலேயே வாழ்கிறது. அதை எழுதத் தொடங்குங்கள். வென்ற கிண்ணங்களை மட்டும் எண்ணாதீர்கள். மைதானத்துக்குரிய நிலம் யாருடையது, பந்து வாங்கப் பணம் யார் தந்தார், அயலூர் அணியோடு எந்த ஆண்டு ஆட்டம் நின்றது, எந்த ஆண்டு மீண்டும் தொடங்கியது, தொடங்கி வைத்தவர் எவர் என்று கேளுங்கள். காரைதீவு முதியவரிடமும் சம்மாந்துறை முதியவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, இரு விடைகளையும் ஒரே ஏட்டில் எழுதுங்கள். மக்களின் வரலாறு அவ்வேட்டிலிருந்தே தொடங்கும்.