சீதனமும் ‘பெண்மை’யும்: ‘சொல்லாத சேதிகள்’ தொகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

அச்சமும் நாணமும் மடமும் பெண்பாலுக்கு உரியன. பெருமையும் வலிமையும் ஆண்பாலுக்கு உரியன. தொல்காப்பியக் களவியல் இவ்வாறு பகுத்துரைப்பதைத் தமிழ் கற்போர் அனைவரும் அறிவர். இலக்கியத்திலே தலைவனையும் தலைவியையும் படைத்துக் காட்டுவதற்கென வகுக்கப்பட்ட இம்மரபு, காலப்போக்கில் மனிதரின் பிறவிக் குணத்தை உரைக்கும் விதியாகக் கொள்ளப்படலாயிற்று. புலவன் வகுத்த இலக்கணம் இயற்கையின் இலக்கணமாக மாறியமை எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பின்னணியிலுள்ள வினாவாகும்.

ஏங்கல்ஸ் 1884ஆம் ஆண்டு வெளியிட்ட ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூல், குடும்ப அமைப்பின் வரலாற்றைச் சொத்துறவின் வரலாற்றோடு இணைத்து நோக்கியது. அந்நூலின் மானிடவியற் சான்றுகள் பல பின்னாளில் திருத்தம் பெற்றுள்ளன. எனினும் ‘பெண்மை’, ‘ஆண்மை’ என்பன சமூக உறவுகளால் உருவாக்கப்படுவன என்ற அதன் அடிப்படைப் பார்வை இன்றும் வலுவுடையது. பொதுக் கோட்பாட்டை ஒப்புவிப்பதோடு நில்லாது, எமது வளாகம் அமைந்துள்ள திருநெல்வேலியையும் அதனைச் சூழ்ந்த யாழ்ப்பாணச் சமூகத்தையும் கொண்டு அப்பார்வையை இங்கு சோதித்துப் பார்க்க விழைகின்றோம். அதற்கு இரு ஆவணங்களை எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று தேசவழமை என்னும் சட்டத் தொகுப்பு. மற்றையது 1986இல் யாழ்ப்பாணத்திலே பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ என்னும் கவிதைத் தொகுதி.

ஒல்லாந்த ஆளுநரின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707இன் தொடக்கத்திற் கையளித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களால் பார்வையிடப்பட்டு ஏற்கப்பட்டது. பெண்களின் சொத்தையும் மணத்தையும் பற்றி விரிவாகப் பேசும் அத்தொகுப்பைச் சரிபார்த்த பன்னிருவரும் ஆண்கள் என்பது மனங்கொளத்தக்கது. பண்டைநாளில் கணவன்வழிச் சொத்து ஆண்மக்களுக்கும், மனைவியின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதென்றும், போர்த்துக்கேயர் காலத்தில் அவ்வழக்கம் மாற்றமுற்றதென்றும் அத்தொகுப்பே கூறுகின்றது. என்றுமுள்ளது எனப் போற்றப்படும் வழமை, தான் மாறிவந்த கதையைத் தானே சொல்லுகின்றது.

1806இல் ஆங்கிலேயர் இத்தொகுப்பிற்குச் சட்ட வலு அளித்தனர். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டம் மனைவியின் சொத்தை அவளுடைய தனிச்சொத்தாக ஏற்றது. ஆனால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் தன் அசைவற்ற சொத்தைக் கைமாற்றலாகாது என்றும் விதித்தது. அவன் இணங்காவிடின் அவள் நீதிமன்றத்தை நாடவேண்டும். 1923இல் விவாகமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் நாட்டின் பிற பெண்கள் பலரை இத்தகைய கட்டிலிருந்து விடுவித்தபோது, தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்கள் அதன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ் மகள்’ என்னும் பெண்கள் இதழை நடத்தத் தொடங்கியதும் அக்காலப் பகுதியிலேயே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

எனவே யாழ்ப்பாணப் பெண் சொத்தற்றவள் அல்லள். வீடும் வளவும் பெரும்பாலும் அவள் பெயரிலேயே உறுதி எழுதப்படுகின்றன. கணவனே அவளுடைய சீதன வீட்டில் வந்து குடியேறுவதும் பரவலான வழக்கம். இதனைக் கொண்டு எமது பெண்கள் ஏலவே உரிமை பெற்றோர் என வாதிடுவோர் உளர். ஆனால் உடைமையும் ஆளுகையும் வேறு வேறானவை. சொத்து அவள் வழியாகச் செல்கின்றது. அவள் விருப்பின்படி செல்வதில்லை. சொத்து இவ்வாறு தடையின்றிக் கைமாறுவதற்கு, அதனைத் தாங்கிச் செல்பவள் ‘நல்ல பிள்ளை’யாக இருத்தல் வேண்டும். அச்சமும் நாணமும் மடமும் இவ்விடத்திற் பொருளாதாரப் பணி ஆற்றுகின்றன. அக்குணங்களைப் பேணுவோர் தாயும் பேர்த்தியுமே என்பது இவ்வமைப்பின் வலிமையைக் காட்டுகின்றது.

பிறிதொன்றும் இங்கு கருதற்பாலது. அதே தேசவழமைத் தொகுப்பில் கோவியர், சிவியார், பள்ளர், நளவர் ஆகிய அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றுள்ளன. அத்தொகுப்பு பேசும் ‘பெண்’ நிலமுள்ள குடும்பத்துப் பெண்ணே. பிறருடைய செம்மண் தோட்டங்களிலே களை பிடுங்கிக் கூலி பெற்ற பெண்ணுக்கு வீட்டுக்குள் அடங்கியிருக்கும் ‘பெண்மை’ வாய்க்கவில்லை. ஆனால் அது இல்லாமையே அவளுடைய இழிவாகக் காட்டப்பட்டது. பெண்மை என்பது பால்சார்ந்த கருத்துநிலை மட்டுமன்று; சாதிசார்ந்த கருத்துநிலையுமாகும்.

இப்பின்னணியில் ‘சொல்லாத சேதிகள்’ தொகுதியை நோக்குவோம். சங்கரி, சிவரமணி, ஊர்வசி, மைத்ரேயி, ஔவை முதலிய பத்துக் கவிஞர்களின் ஆக்கங்களைக் கொண்ட இத்தொகுதி, ஈழத்துத் தமிழ்க் கவிதையிற் பெண்நிலைப்பட்ட குரல் கூட்டாக ஒலித்த முதற்பெரு நிகழ்வு எனலாம். இதில் இடம்பெறும் சங்கரியின் ‘அவர்கள் பார்வையில்’ என்னும் கவிதை பெரிதும் பேசப்பட்டது. முகமும் இதயமும் ஆன்மாவும் மறுக்கப்பட்டு, உறுப்புகளாகவும் சமையல், படுக்கை, மகப்பேறு என்னும் கடமைகளாகவும் கூறுபோடப்பட்ட ஒருத்தி அங்கு பேசுகின்றாள். கற்பின் மாண்பை உரைப்போரே அவளுடலை நோக்குகின்றனர். கணவன் முதற் கடைக்காரன் வரை அப்பார்வையில் வேறுபாடில்லை.

எம் போன்ற மார்க்சிய விமர்சகர் இவ்விடத்து எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்றுண்டு. கணவனையும் கடைக்காரனையும் ஒரே நிரையில் வைப்பது வர்க்க வேறுபாட்டை மறைப்பதாகாதா என்பதே அது. இவ்வாட்சேபம் அவசரமானது என்றே கருதுகின்றோம். அக்கவிதை அடுக்கும் கடமைகள் யாவும் உழைப்பே. நாளைய உழைப்பாளியை இன்று உண்பித்தும் உறங்கவைத்தும் பெற்றும் வளர்த்தும் தரும் கூலியற்ற உழைப்பு அது. அதனை ‘இயல்பு’ என்று பெயரிட்டு மறைப்பதில் வர்க்கங்களைக் கடந்த ஓர் உடன்பாடு ஆண்களிடையே நிலவுகின்றது. இவ்வுண்மையை எமது கோட்பாட்டு நூல்களுக்கு முன்னரே அக்கவிதை எம் முன் வைத்தது.

கவிதைக்கும் ஓர் எல்லை உண்டு. அதிற் பேசும் ‘நான்’ எந்தக் குடியிற் பிறந்தவள், அவளுக்கு வளவு உண்டா, அவள் வீட்டு முற்றத்தைக் கூட்டுபவள் யார் என்பன தெரிவதில்லை. கற்ற நடுத்தர வர்க்கப் பெண்ணின் அனுபவம் பெண்ணினத்தின் அனுபவமாகப் பொதுமைப்படும் போக்கு இத்தொகுதியிற் பலவிடங்களில் உண்டு. இதனைக் குறை எனச் சுட்டுவது அக்குரலின் நியாயத்தை மறுப்பதற்கன்று; அடுத்து ஒலிக்கவேண்டிய குரல்கள் எவை என்பதை உணர்த்துவதற்கேயாம்.

இக்குறையைச் சுட்டும் தகுதி எமக்கு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். 1972இல் வெளிவந்த டானியலின் ‘பஞ்சமர்’ நாவலைச் சாதியொடுக்குமுறைக்கு எதிரான ஆவணமாக நாம் சரியாகவே போற்றினோம். ஆயினும் அப்போராட்டங்களின்போது அடுப்பை எரியவைத்தவர் யார் என்ற வினாவை எமது விமர்சனம் அரிதாகவே எழுப்பியது. பெண்ணின் பிரச்சினை வர்க்கப் பிரச்சினையோடு தானே தீரும் என்றோம். பின்னர் தேசியப் பிரச்சினையோடு தீரும் என்று பிறர் கூறினர். இரண்டிலும் அவள் காத்திருக்கவே பணிக்கப்பட்டாள். காத்திருத்தலும் பண்டுதொட்டுத் தலைவிக்கு வகுக்கப்பட்ட ஒழுக்கமே அன்றோ!

போர் இப்பாத்திரங்களை ஒருபுறம் கலைத்து மறுபுறம் இறுக்கியது. சிறுவர் தடியைத் துப்பாக்கியாக்கி, நண்பனைப் பகைவனாக்கி விளையாடக் கற்றுக்கொள்வதைச் சிவரமணியின் கவிதையொன்று காட்டுகின்றது. பெண்மை போலவே ஆண்மையும் பழக்கி உருவாக்கப்படுவது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இப்பல்கலைக்கழகத்திற் பயின்ற சிவரமணி, 1991 மே மாதத்தில், தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன்னுயிரையும் மாய்த்துக்கொண்டார். அம்முடிவிற்கு ஒற்றைக் காரணம் கற்பித்தல் எமது நோக்கமன்று. ஆயின் எரிந்த தாள்கள் விட்டுச்சென்ற வெறுமை ஈழத்து இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதி என்பதை மறத்தலாகாது.

2009இல் போர் முடிவுற்றபின், கணவனை இழந்தும் தேடியும் வாழும் பெண்கள் பலர் குடும்பத் தலைமையை ஏற்றுள்ளனர். ஆயினும் சீதனப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. புலம்பெயர்ந்த நாடுகளின் பணம் அதன் அளவையே உயர்த்தியது. வாழ்வு மாறியும் கருத்துநிலை மாறாதிருப்பதன் காரணம், அது நிற்கும் சொத்துறவு அசையாமையே. ஆகவே சீதன உறுதிகளையும் மணமகள் தேவை விளம்பரங்களையும் கவிதைகளோடு ஒருங்குவைத்து வாசிக்கும் ஆய்வு எமது துறைக்கு உடனடித் தேவையாகும். ‘இயல்பு’ என்று கூறப்படுமிடமெல்லாம் அவ்வியல்பால் யாருக்கு என்ன கைமாறுகின்றது என்று கேட்பதே அவ்வாய்வின் முதற்படி. அவ்வினாவை எம் வீடுகளிலிருந்தே தொடங்கல் வேண்டும்.