விலைப்பட்டியல் சாட்சி சொல்லுமா?

சூலக்கரையில் பஸ் ஏறி சிவகாசிப் பக்கம் போனால், தீபாவளி சமயத்தில் வழியெல்லாம் பட்டாசுக் கடை போர்டுகள்தான். எண்பது சதவீதம் தள்ளுபடி! ஆயிரம் ரூபாய் என்று பட்டியலில் போட்ட பெட்டி இருநூறுக்குக் கிடைக்கும். ஆயிரம் கொடுத்து யாராவது வாங்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரரே சிரித்துவிடுவார்.

பட்டாசு விஷயத்தில் இவ்வளவு விவரமாக இருக்கிற நாம், 'எஸ்கார்ட்' விளம்பரம் என்றதும் கோட்டை விட்டுவிடுகிறோம். எங்காவது ரெய்டு என்றால் செய்தியில் முதலில் வருவது ரேட். மணிக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு. படிக்கிறவர் மனசுக்குள்ளேயே பெருக்கல் போட்டு, அந்தப் பெண்ணை லட்சாதிபதி ஆக்கிவிடுகிறார். இந்தப் பெருக்கல் கோர்ட்டில் செல்லுமா?

செல்லக்கூடாது என்பதுதான் என் கட்சி. பி.காம். படித்தவர்களுக்கு இது பழைய பாடம். கொட்டேஷன் வேறு, இன்வாய்ஸ் வேறு. பிரெஞ்சு ஷாம்பெயின் கம்பெனி ஒன்றின் வருமான வரி வழக்கில், விலைப்பட்டியல் அனுப்புவது விற்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது ஆகாது என்று 1896லேயே லண்டனில் சொல்லியாகிவிட்டது. நம்மூரிலும், சென்னை வங்கி மேலாளர் கொலை வழக்கில் 1988ல் சுப்ரீம் கோர்ட் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. பத்திரிகையில் செய்தி வந்தது என்பதாலேயே அந்தச் செய்தி நிரூபணம் ஆகிவிடாது. அதைத் தெரிந்தவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும். செய்திக்கே இந்தக் கதி என்றால் விளம்பரத்துக்கு?

அதற்காக விளம்பரத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. 1956ம் வருஷத்துச் சட்டம், வணிக நோக்கத்தில் நடக்கிற பாலியல் சுரண்டலைத்தான் விபசாரம் என்கிறது. கடை விரித்திருந்தார்கள் என்று காட்ட விளம்பரம் உதவும். அதிலுள்ள போன் நம்பர் புரோக்கருடையது என்றால் இன்னும் உதவும். ஆனால் வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் போதாது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவு, அதற்குச் சான்றிதழ் கேட்கிறது. (எதிர்த்தரப்புக்கும் இதே நியாயம்தான். 'மசாஜ் மட்டும்' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டதால் யாரும் உத்தமர் ஆகிவிட முடியாது.)

ரேட்டை எழுதுவது பெரும்பாலும் புரோக்கர். பேரம் பேசிக் குறைப்பது வாடிக்கையாளர். கமிஷன், அறை வாடகை, மாமூல் எல்லாம் போக அவள் கையில் என்ன மிஞ்சுகிறது என்று எந்த விளம்பரமும் சொல்லாது. மனமொப்பித் தொழில் செய்யும் வயதுவந்த பெண்களைக் கண்ணியமாக நடத்துங்கள், பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள் என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ரேட் செய்தி மட்டும் இன்னும் ஜாம் ஜாமென்று ஓடுகிறது.

சும்மா செய்தியோடு போனால்கூடப் பரவாயில்லை. அதே சட்டத்தின் 4வது பிரிவைப் படித்துப் பாருங்கள். அவள் சம்பாத்தியத்தில் தெரிந்தே வாழ்கிற, பதினெட்டு வயது தாண்டிய யாருக்கும் தண்டனை உண்டு. புரோக்கருக்காகப் போட்ட சட்டம்தான். ஆனால் அதன் வார்த்தைகள் வயசான அம்மாவையும் காலேஜ் போகிற மகனையும்கூடத் தொடும். அவன் கட்டிய ஃபீஸ் அந்தப் பணம்தான் என்று காட்ட 'மணிக்கு இவ்வளவு' விளம்பரத்தை நீட்டினால், குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: "வரவு எங்கே சார்?"