ஒருசொல் நிகரனும் கூட்டுவினையும்: கொரியர்க்கான ஆங்கில மரபுத்தொடர்க் கையேடுகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

சொற்கள் அனைத்தையும் அறிந்திருந்தும் தொடரின் பொருளை அறிய இயலாத நிலை, பிறமொழி கற்பார் அனைவர்க்கும் நேர்வது. ஆங்கிலத்தில் இந்நிலையை மிகுவிப்பவை மரபுத்தொடர்களும், 'கிவ்', 'புட்', 'லுக்' முதலிய எளிய வினைகளோடு 'அப்', 'ஆஃப்', 'ஆஃப்டர்' முதலிய இடைச்சொற்கள் சேர்ந்து அமையும் தொடர்வினைகளும் ஆகும். இவற்றைக் கொரிய மாணவர்க்குக் கற்பிக்கும் கையேடுகள் கொரியாவில் பெருகியுள்ளன. இக்கையேடுகளின் பொது அமைப்பையும், அவை கொரிய மொழியின் இயல்பைப் பயன்கொள்ளும் முறையையும் இக்கட்டுரை திறனாய்கிறது. தனியொரு நூலின் குறைநிறை காண்பது இதன் நோக்கமன்று.

பின்புலம்

கொரியாவில் ஆங்கிலக் கல்வி 1883இல் சியோலில் மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றத் தொடங்கப்பெற்ற தோங்முன்ஹாக் பள்ளியோடு தொடங்கியது. 1886இல் அரசு நிறுவிய யுக்யொங் கோங்வொன் பள்ளியில் அமெரிக்க ஆசிரியர்கள் பணியாற்றினர். அவர்களுள் ஒருவரான ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்றை வெளியிட்டார் என்பது தமிழாய்வாளர் அறிந்த செய்தி. 1997 முதல் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமாயிற்று. 1993இல் அறிமுகமான பல்கலைக்கழக நுழைவுத்தேர்வின் ஆங்கிலத் தாளில் இன்று 45 வினாக்கள் உள்ளன. அவற்றுள் 17 கேட்டலுக்கும் எஞ்சியவை படித்தலுக்கும் உரியவை. மாணவர் வாய்திறந்து பேசவேண்டிய பகுதி அதில் இல்லை. கையேடுகளின் வடிவத்தைத் தீர்மானித்ததில் இத்தேர்வு முறைக்குப் பெரும்பங்கு உண்டு எனலாம்.

'சுகொ' என்னும் வகைப்பாடு

கொரிய ஆங்கிலக் கல்வியில் மரபுத்தொடரைக் குறிக்கப் பெருவழக்காயுள்ள சொல் 'சுகொ' என்பது. 'முதிர்ந்த சொல்' எனப் பொருள்படும் சீனவழிச் சொல் இது. இதன்கீழ் மூவேறு இயல்புடையவை ஒன்றாக அடைக்கப்படுகின்றன. இறப்பைக் குறிக்கும் 'கிக் த பக்கெட்' போன்ற உருவகத் தொடர்கள் ஒருவகை. 'புட் ஆஃப்' போன்ற தொடர்வினைகள் மற்றொரு வகை. 'இன்ட்ரஸ்டட் இன்' என்பதைப்போல இன்ன சொல்லுக்கு இன்ன இடைச்சொல் எனும் அளவில் நிற்கும் சேர்க்கைகள் பிறிதொரு வகை. முதல்வகையில் பொருள் முழுதும் மறைந்துள்ளது. மூன்றாம் வகையில் மறைபொருள் ஏதுமில்லை. இடைப்பட்ட தொடர்வினைகளில் பொருள் ஓரளவு வெளிப்பட்டும் ஓரளவு மறைந்தும் நிற்கிறது. இவ்வேறுபாட்டைக் காட்டாது இடப்புறம் ஆங்கிலத் தொடர், வலப்புறம் கொரிய நிகரன், கீழே ஓர் எடுத்துக்காட்டு என நிரல்படுத்துவதால், மாணவர்க்கு அனைத்தும் மனனம் செய்யவேண்டிய சமன்பாடுகளாகவே தோன்றுகின்றன.

ஒருசொல் நிகரனின் குறைபாடு

வலப்புறத்தில் இடம்பெறும் நிகரன்களுள் பல, சீனவழிப் பெயரோடு 'செய்' எனப் பொருள்படும் 'ஹாதா' சேர்ந்தவை. 'புட் ஆஃப்' என்பதற்கு 'யொன்கிஹாதா' எனவும், 'கிவ் அப்' என்பதற்குப் 'போகிஹாதா' எனவும் பொருள் தரப்படுகிறது. 'போஸ்ட்போன்' என்னும் சொல்லுக்கும் 'யொன்கிஹாதா' என்பதே நிகரன். இதனால் 'போஸ்ட்போன்', 'புட் ஆஃப்' ஆகிய இரண்டும் மாணவர்க்கு ஒன்றாகிவிடுகின்றன. முன்னது அலுவல்நடைக்கும் பின்னது பேச்சுநடைக்கும் நெருக்கமானது என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. கொரிய மொழியிலேயே இவ்வேறுபாட்டைக் காட்டும் 'மிருதா' என்னும் இயற்சொல் உள்ளது. தமிழில் 'ஒத்திவை', 'தள்ளிப்போடு' என்னும் இரண்டிற்கும் இடையே உள்ள நடைவேறுபாடு இதனோடு ஒப்பிடத்தக்கது. 'புட் ஆஃப்' என்பதற்கு 'மிருதா' என்றும் 'போஸ்ட்போன்' என்பதற்கு 'யொன்கிஹாதா' என்றும் தந்திருப்பின், நடைவேறுபாடு தனி விளக்கமின்றியே புலப்பட்டிருக்கும்.

'கிவ் அப்' பற்றிய நிகரனும் இத்தகையதே. முயற்சியைக் கைவிடுதற்குப் 'போகிஹாதா' பொருந்தும். புகைபிடிப்பதைக் கைவிடுதற்குக் கொரியர் வழங்குவது 'அறு' எனப் பொருள்படும் 'க்குன்தா' என்னும் வினை. புகையிலையை 'அறுப்பது' கொரிய மரபு. ஆங்கிலத்தில் ஒரே தொடர்வினை நிற்கும் இடத்தில் கொரியம் இருவேறு வினைகளைக் கொள்வதை ஒருசொல் நிகரன் காட்டுவதில்லை.

'புட் ஆன்' என்பதில் இச்சிக்கல் மேலும் விரிகிறது. உடைக்கு 'இப்தா', தொப்பிக்கு 'ஸ்ஸுதா', காலணிக்கு 'ஷின்தா', மோதிரத்திற்கும் கையுறைக்கும் 'க்கிதா', கைக்கடிகாரத்திற்குச் 'சாதா' எனக் கொரியம் உறுப்புக்கும் பொருளுக்கும் ஏற்ப வினையை வேறுபடுத்துகிறது. உடுத்தல், சூடுதல், பூணுதல் என வேறுபடுத்தும் தமிழ் மரபு அறிந்தோர்க்கு இது புதிதன்று. கையேட்டில் 'இப்தா' மட்டும் தரப்படும்போது ஆங்கிலத் தொடர்வினையின் பரப்பு சுருங்கிவிடுகிறது. மேலும், 'இப்கோ இத்தா' என்னும் கொரிய வடிவம் 'உடுத்திக்கொண்டிருக்கிறார்' என்னும் செயலையும் 'உடுத்தியிருக்கிறார்' என்னும் நிலையையும் ஒருங்கே குறிக்க வல்லது. ஆங்கிலத்தில் செயலுக்குப் 'புட் ஆன்', நிலைக்கு 'வேர்' என இரண்டு வேண்டும். நாள்முழுதும் சிவப்பு மேலங்கி அணிந்திருந்ததைச் சொல்லக் கொரிய மாணவர் 'புட் ஆன்' என எழுதும் பிழைக்கு வேர் இங்குள்ளது. நிகரன் தரும் நூல் இப்பிழையைத் தடுப்பதற்கு மாறாக வளர்க்கிறது.

பயன்கொள்ளப்படாத கூட்டுவினை

இக்கையேடுகளின் மிகப்பெரிய குறை, கற்பவரின் தாய்மொழியில் உள்ள வளத்தைக் காணாமையே. கொரியத்தில் முதன்மை வினையின் எச்சவடிவோடு துணைவினை சேரும் கூட்டுவினைகள் மிகுதி. 'போதா' என்பது தனித்து நிற்கையில் 'பார்' எனப் பொருள்படும். துணைவினையாகும்போது முயன்றறிதலைக் குறிக்கும். 'மொகொ போதா' என்பது சொல்லுக்குச் சொல் 'தின்றுபார்' என்பதே. ஆங்கிலத்தின் 'ட்ரை ஆன்' என்னும் தொடர்வினைக்கு 'இபொ போதா', அதாவது 'உடுத்திப்பார்', முழுதும் பொருந்துகிறது. வைத்தலைக் குறிக்கும் 'தூதா' சேர்ந்த 'ஜொகொ தூதா' என்பது 'எழுதிவை' எனப் பொருள்படும்; 'ரைட் டவுன்' என்பதன் கருத்தும் இதுவே. எறிதலைக் குறிக்கும் 'பொரிதா' சேர்ந்த 'மொகொ பொரிதா' என்பது 'தின்றுவிடு' என்பதைப்போல முற்றுப்பெற்றமையைக் காட்டும். 'ஈட் அப்' என்பதில் 'அப்' ஆற்றும் பணியும் முற்றுப்பெற்றமையைக் காட்டுவதே. 'லுக் ஆஃப்டர்' என்பதற்குரிய 'தோல்போதா' என்னும் சொல்லினுள்ளும் 'பார்' என்னும் வினையே உறைகிறது. தமிழின் 'பார்த்துக்கொள்' என்பதும் இவ்வாறே.

ஆகவே எளிய வினையோடு ஒரு சிறு உறுப்பு சேர்ந்து பொருளை நுட்பமாக மாற்றும் என்னும் கருத்து கொரிய மாணவர்க்கு அயலானதன்று. ஆங்கிலம் இடைச்சொல்லால் செய்வதைக் கொரியம் பல இடங்களில் துணைவினையால் செய்கிறது. இவ்வுறவைச் சுட்டாமல் சீனவழி நிகரன் தருவது, மாணவர் அறிந்த வழியை மூடி அறியாத வழியில் நடத்துவதாகும்.

இங்கு இரு வரையறைகள் தேவை. முதலாவது, இவ்வொப்புமை முழுமையானதன்று. 'பொரிதா' சொல்வோரின் வருத்தத்தையோ நிம்மதியையோ உணர்த்தக்கூடும். 'அப்' அவ்வாறு உணர்த்துவதில்லை. சுட்டுப்பெயர் செயப்படுபொருளாகும்போது 'புட் இட் ஆஃப்' என அது இடையில் நுழையும் ஆங்கில அமைப்புக்கும் கொரியத்தில் இணையில்லை. இரண்டாவது, தமிழ், கொரியம் ஆகியவற்றின் கூட்டுவினை ஒப்புமை அமைப்பு வகையால் ஆனது. இன்றைய மொழியியலார் பெரும்பாலோர் ஏற்காத இனவுறவுக் கொள்கைக்கு இதனைச் சான்றாக்குதல் பொருந்தாது.

தவிர்த்தல் பற்றிய ஆய்வுகள்

டாகுட், லாஃபர் ஆகியோர் 1985இல் எபிரேய மொழியினர் ஆங்கிலத் தொடர்வினைகளைத் தவிர்த்து ஒருசொல் வினைகளையே நாடுவதை எடுத்துக்காட்டினர்; தாய்மொழியில் அத்தகைய அமைப்பு இன்மையை அதற்குக் காரணமாக்கினர். ஹுல்ஸ்டைன், மார்ச்சேனா ஆகியோரின் 1989ஆம் ஆண்டு ஆய்வு, தொடர்வினை உடைய டச்சு மொழியினரும் சில இடங்களில் அவற்றைத் தவிர்ப்பதைக் காட்டிற்று. ஆகவே தாய்மொழி அமைப்பு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. தொடர்வினை எவ்வாறு அறிமுகமாகிறது என்பதும் கருதத்தக்கது. 'புட் ஆஃப்', 'போஸ்ட்போன்' இரண்டும் ஒன்றே எனக் கற்ற மாணவர், பிழைபடாது எனத் தோன்றும் பின்னதையே தேர்வது இயல்பு.

மரபுத்தொடரும் மதிப்புநிலையும்

உருவகத் தொடர்களைப் பொறுத்தவரை நிலைமை ஓரளவு நன்று. எளிமையைக் குறிக்கும் 'பீஸ் ஆஃப் கேக்' என்பதற்கு 'ஆறிய கஞ்சி குடித்தல்' என்னும் கொரியத் தொடரை இணையாகத் தருவது பொருளோடு சுவையையும் காக்கிறது. ஆயின் இணைத்தொடரை விடுத்துப் பொதுச்சொல்லைத் தரும் இடங்களில் இடர் நேர்கிறது. 'கிக் த பக்கெட்' என்பதற்குச் 'சாதல்' என்னும் பொதுப்பொருள் மட்டும் தந்தால், தமிழில் 'மண்டையைப் போடு' என்பதையொத்த அதன் மதிப்பற்ற தொனி மறைகிறது. கொரியர் பெரியோர் இறந்ததைத் 'தோராகஷிதா', அதாவது 'திரும்பிச் சென்றார்', என மதிப்பு விகுதியோடே கூறுவர். போதல் என்னும் அதே உருவகத்தில் அமைந்த 'பாஸ் அவே' என்னும் தொடர்வினை அதற்கு இணையாக ஆங்கிலத்தில் உள்ளது. இவ்விணையைக் கல்லாத மாணவர், ஆசிரியரின் தந்தை மறைவுக்கு இரங்கல் எழுதுகையில் மதிப்பற்ற தொடரை வழங்கிவிடக்கூடும். மதிப்புநிலையைச் சொல்தோறும் பேணும் சமூகத்தினர்க்கு இது இலக்கணப் பிழையினும் பெரும்பிழை.

முடிவுரை

சுருக்கமும் தேர்வுப் பயனும் இக்கையேடுகளின் நிறைகள் என்பதில் ஐயமில்லை. இடைச்சொல் வாரியாகத் தொகுக்கும் சில நூல்கள் சமன்பாட்டு முறையைக் கடக்க முயல்வதும் பாராட்டத்தக்கது. எனினும் மூவகைத் தொடர்களைப் பிரித்துக் காட்டுதல், சீனவழி நிகரனோடு இயற்சொல் நிகரனையும் தந்து நடையைப் புலப்படுத்துதல், கொரியக் கூட்டுவினைகளை ஒப்புமையோடும் வேறுபாட்டோடும் விளக்குதல், மதிப்புநிலையைக் குறித்தல் ஆகியன இன்றியமையாதவை. பிறமொழிக் கையேட்டின் தரம் அது தரும் தொடர்களின் எண்ணிக்கையில் இல்லை. கற்பவரின் தாய்மொழியை அந்நூலாசிரியர் எவ்வளவு ஆழ்ந்து அறிந்துள்ளார் என்பதில் உள்ளது. ஆங்கிலத் தொடர்வினைகளுக்கு ஒருசொல் நிகரன் தேடும் தமிழ்க் கையேடுகளுக்கும் இம்முடிவு பொருந்தும்.