நான்கு மடங்கா, எட்டு மடங்கா?

ஊடக நிறுவனத்தின் கடன் சுமையை அளக்கச் சந்தை பெரிதும் நம்பியிருப்பது ஒரு விகிதத்தை: கடன் வகுத்தல் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். எளிமையும் ஒப்பிடும் வசதியும் அதன் பலம். அந்த எபிட்டாவுக்குள் எது கழிக்கப்பட்டது, எது கழிக்கப்படவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது அதன் பெரிய குறை.

நாமக்கல் லாரி உரிமையாளரின் நோட்டைப் புரட்டுங்கள். வாடகை வரவுக்குக் கீழே டீசல், டோல், டிரைவர் படி. அதற்கும் கீழே டயர். இத்தனையும் போன மிச்சத்தில்தான் ஃபைனான்ஸ் தவணை. டயர் செலவைத் தள்ளிவைத்துவிட்டு, தவணைக்குப் பணம் இருக்கிறது என்று அவர் கணக்குப் போடுவதில்லை. சேனலுக்குப் பட உரிமம்தான் டயர். ஒளிபரப்ப ஒளிபரப்பத் தேய்கிறது. புதிது வாங்காவிட்டால் வண்டி நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் நம் நிறுவனங்களின் கணக்கு முறைகள் பிரிகின்றன. ஜீ பட உரிமங்களைச் சரக்கிருப்பாக வைத்து இயக்கச் செலவிலேயே எழுதுகிறது. சன் டிவி அவற்றைச் சொத்தாகக் காட்டுகிறது. அந்தத் தேய்மானம் எபிட்டாவுக்குக் கீழே போய்விடுகிறது. இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. ஆனால் இரண்டின் எபிட்டாவையும் அருகருகே வைத்துச் சன்னை மெச்சுவது முறையான ஒப்பீடு ஆகாது. சன்னுக்குச் சொல்லும்படி கடன் இல்லை. அதனால் கேடும் இல்லை. கடனில் ஓடும் நிறுவனம் அதே முறையைக் கையாண்டால்? ஓர் உதாரணம்: கடன் 400 கோடி, எபிட்டா 100 கோடி, நான்கு மடங்கு. ஆண்டுக்கு 50 கோடிக்குப் பட உரிமம் வாங்கியாக வேண்டும் என்றால், அதைக் கழித்தபின் எட்டு மடங்கு. பத்து விழுக்காடு வட்டிக்கே 40 கோடி போய்விடும். அசலை அடைக்க மிஞ்சுவது, வரிக்கு முன்பே, 10 கோடி.

எல்லாப் படமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை என்ற மறுப்பில் நியாயம் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வண்ணத்தில் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இன்றும் பார்க்கப்படுகிறது. ஆனால் அப்படி நிற்பவை மிகச் சில. அவற்றை வைத்து மொத்தக் கிடங்கையும் மதிப்பிட முடியாது.

விகிதத்தில் மேலே நிற்கும் கடன் தொகையும் ஐயத்துக்கு உரியதே. 2019 ஜனவரியில் ஜீயின் புரொமோட்டரான எஸ்செல் குழுமம் தடுமாறியபோது சுமை ஜீயின் ஏட்டில் இல்லை. அடமானம் வைத்த பங்குகளோடு புரொமோட்டர் தரப்பில் இருந்தது. ஜீயின் விகிதம் மட்டும் பார்த்தவர் பாதியைத்தான் பார்த்தார். டெக்கான் கிரானிக்கிள் நாளிதழ் நிறுவனத்தின் கடன் நெருக்கடி 2012இல் வெடித்தபோது, ஏட்டில் காட்டிய கடனே முழுதா என்ற கேள்வி எழுந்தது.

மாறாக, அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியைப் பாருங்கள். 2022 இணைப்பில் அது பெருங்கடனைச் சுமந்துகொண்டது. ஆயினும் படைப்புச் செலவைக் கழித்த பிறகே தன் எபிட்டாவைச் சொல்கிறது. 2024 முடிவில் அது அறிவித்த நிகரக் கடன், எபிட்டாவைப் போல் 3.8 மடங்கு. சுமை கனமானது, அளந்த முறை நேர்மையானது.

என் தீர்ப்பு: இந்த விகிதம் தள்ளத்தக்கதல்ல, தனியே நிற்கவும் தகுதியற்றது. பட உரிமச் செலவைக் கழித்து மீண்டும் வகுத்து, காலாண்டுதோறும் வெளியாகும் பங்குப் பட்டியலில் புரொமோட்டரின் அடமானத்தையும் பார்த்த பிறகே, நான்கு மடங்கு என்ற சொல்லை ஏற்பேன்.